பலவேசத்தின் கணுக்கால்

பலவேசத்தின் எடை குறைய ஆரம்பித்தபோது குருவிப்பொத்தை ஊரே சந்தோஷப்பட்டது. சந்தோஷப்படாமல் என்ன செய்யும்? வடக்கே பெரிய கபடி லீக்கில் ஊர்ப்பேர் சொல்ல ஆடுகிற ஒரே ஆள் அவன்தான். அங்கே ஆட்டக்காரனுக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, ஒரு கிலோ கூடினாலும் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அதற்காக ஒவ்வொரு வருசமும் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அவன் சோற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஊர்ப் பொத்தைக் குன்றைச் சுற்றிச் சுற்றி ஓடி, வேர்வையைக் குடம் குடமாகக் கொட்டிவிட்டு வாழைக்காய் மண்டித் தராசில் ஏறி நிற்பான், ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தபடி நிற்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வருசம் கறிச்சோறு தின்னத் தின்ன முள் இறங்குகிறது என்றால் அதை நோய் என்று எவன் சொல்வான்? 'பேச்சியம்மன் கண்ணத் தொறந்துட்டா' என்றார்கள். 'நம்ம பயலுக்கு யோகம்டே' என்றார்கள். ஒருத்தர் சந்தோஷம் தாங்காமல் கோயிலில் நூற்றியெட்டு விடலைத் தேங்காய் போட்டார்.

மனசு நெருடியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது மாசானமுத்து, பலவேசத்தின் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு உடன்பிறந்த அண்ணன், மண்டியில் வாழைத்தாரைத் தராசில் ஏற்றி இறக்குகிறவன். ஊர் அணியில் பலவேசம் இடது கோடியில் கார்னராக நின்றால் அவனுக்கு அடுத்த இடத்தில் கவராக நிற்பவன் இவன்தான். பாடி வருகிறவனை மடக்க நிற்கிறவர்கள் கபடியில் பக்கத்து ஆளோடு கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள், அந்தக் கைச்சங்கிலி அறுந்தால் ஆட்டம் போச்சு. மீசை முளைக்கும் முன்னாலிருந்தே இவர்கள் இரண்டு பேர் கையும் அப்படிக் கோத்த கை, 'எம் புருசன் எங்கையப் பிடிச்சதவிட எங்க அண்ணன் கையப் பிடிச்சதுதான் சாஸ்தி' என்று பேச்சித்தாயே கேலி பண்ணுவாள். அந்த வருசம் பயிற்சிக்கு நின்றபோது கோத்த கைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற கனம் இல்லாததை மாசானம் கண்டுகொண்டான். ஆள் இளைத்திருக்கிறானா என்று பார்த்தால் அதுவும் இல்லை, தொடை அப்படியே உலக்கையாக இருக்கிறது, மார்பு அப்படியே இருக்கிறது, கனம் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"மாப்ள, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டான்.

"ஒனக்குப் பொறாம டே மச்சான்" என்று சிரித்தான் பலவேசம். "வயிறாரத் தின்னுட்டு எடையும் இல்லாம இருக்கது எவனுக்கு வாய்க்கும்?"

அந்த வருசம் லீக்கில் அவனுடைய முதல் ஆட்டத்தைப் பார்க்க ஊர்ச்சாவடிக்கு முன்னால் பெரிய திரை கட்டினார்கள். பலவேசத்தின் பிடி எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியும். பாடி வருகிறவன் காலைத் தூக்கித் தரையில் வைப்பதற்குள் இவன் குனிந்து கணுக்காலைத் தொட்டுவிட்டால் அந்தக் கால் அதற்குமேல் அவன் காலில்லை, இவன் சொத்து. அன்றைக்கும் அப்படித்தான் பாய்ந்தான், ஒரு நூல் பிசகாமல் கணுக்காலைப் பிடித்தான், சாவடியில் எல்லாரும் 'ஏய்!' என்று எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள், ஏனென்றால் பிடிபட்டவன் விழவில்லை, தடுமாறக்கூட இல்லை, செருப்பில் பாலிதீன் பை ஒட்டிக்கொண்டால் எப்படி நடப்போமோ அப்படிக் காலை இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டு, கெட்டியாகப் பிடித்த பிடியோடு பலவேசத்தையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டான். அந்த அரங்கத்தில் அத்தனை ஆயிரம் பேரும் சிரித்தார்கள். வர்ணனை சொல்கிறவனும் சிரித்தான். குருவிப்பொத்தையில் யாரும் சிரிக்கவில்லை, யாரோ போய்த் திரையை அணைத்தார்கள்.

அடுத்த ஆட்டத்திலும் அதேதான் நடந்தது. பிறகுதான் வடக்கே டாக்டர்மார் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தத்திலே நோய் என்றார்கள், வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னார்கள். ரத்தத்துக்குப் பெயர் சொன்னவர்கள் எடைக்குப் பெயர் சொல்லவில்லை. 'அது எங்கள் பிரிவு இல்லை' என்றாராம் ஒரு பெரிய டாக்டர். அணிக்காரர்கள் நல்லவர்கள், குறை சொல்லக்கூடாது, மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, அவன் படம் போட்ட கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து ரயிலேற்றி விட்டார்கள். இருபத்தெட்டு வயசு அவனுக்கு. ஆட்டம் முடிந்தது.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு மாசானம்தான் போனான். பெட்டிப் படியிலிருந்து காலெடுத்து வைத்த பலவேசம் நடைமேடைக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் இறங்க நின்றவர்கள் 'சட்டுன்னு எறங்குங்க சார்' என்று முணுமுணுத்தார்கள், ஒரு போர்ட்டர் மட்டும் 'ஆளு தரைக்கு வரட்டும், தள்ளி நில்லுங்க' என்று வழிவிட்டார். வந்து நின்றவன் பையைத் தோளில் மாட்டினான், பையும் அவனோடு சேர்ந்து லேசாக ஆடியது.

"மச்சான், கையக் கோத்துக்க" என்றான். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், ஆடுகளத்தில் நிற்கிற மாதிரியே, இரண்டு பேரும் கைகோத்தபடி வெளியே வந்தார்கள்.

குருவிப்பொத்தை காற்றுக்குப் பிறந்த ஊர். மேற்கே மலைக் கணவாய் வாயைத் திறந்தால் ஊரில் வேட்டி காயப் போட முடியாது; அதற்காகத்தான் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் ஒருத்தன் எடையில்லாமல் வந்து இறங்கினால் ஜனம் வாயைப் பிளந்து நிற்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. டீக்கடைத் தவசி அவனைப் பார்த்ததும், "காத்து மேக்கருந்து அடிக்கு, சொவர ஒட்டி உக்காரும்" என்று சொல்லிவிட்டுக் கிளாசைக் கையில் கொடுத்தார். ஏன் இப்படி ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, இதற்கு என்ன வழி என்றுதான் ஆளாளுக்குக் கேட்டார்கள், கேட்ட வாயாலேயே வழியும் சொன்னார்கள்: இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, கனத்துக்குக் களி, கண்ணேறுக்குப் பூசணிக்காய். பூசாரி இரும்பு வளையம் ஓதிக் கொடுத்தார். பக்கத்து ஊர் ஃபாதர் சைக்கிளில் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தவர், ஜெபம் முடியும்வரை கையை அழுத்தியே வைத்திருந்தார்.

கனமான எதையாவது கட்டிவிட்டால் என்ன என்ற யோசனை பேச்சித்தாயுடையது. வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். நல்ல யோசனைதான், ஆனால் அவனைத் தொட்டுக்கொண்டிருக்கிற எதுவும் அவனைப் போலவே ஆகிவிடுகிறது என்பது பொழுது சாயும்போது தெரிந்தது, அம்மி அப்பளமாகியிருந்தது. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்று சொன்னவன் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னானோ என்னவோ, அதற்குப் பிறகு அந்த அம்மியில் துவையல் அரைக்க முடியவில்லை, குழவி பட்டதும் நகர்ந்து நகர்ந்து அடுப்படி வாசலுக்குப் போய்விடும். வாழைநார்க் கயிறு போட்டுக் கட்டிலோடு கட்டிப் பார்த்தார்கள், விடிந்தபோது கட்டில் கூரை ஓட்டை முட்டிக்கொண்டு நின்றது, ஓடுகள் சலசலவென்று எழும்பத் தொடங்கியிருந்தன. இறக்கி அவிழ்த்தபோது பலவேசம் அழுதான். அவன் அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"மாட்டக் கெட்டுத மாதிரிக் கெட்டாதீங்க" என்றான். "மனுசங் கையால பிடிங்க. முடியலன்னா விட்டுருங்க."

அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள், கல் போகிறது, மரம் போகிறது, இரும்பு போகிறது, ஆனால் அவனைப் பிடித்திருக்கிற மனுசன் மட்டும் கனம் குறையவில்லை. உயிருள்ள கை ஒன்று அவன் மேல் இருந்தால் அவன் தரையில் இருப்பான். அவ்வளவுதான் விசயம்.

இதைக் கேட்டதும் ஊருக்கு உயிர் வந்தது. பிடிப்பதுதானே? பிடிப்பதைப் பற்றிக் குருவிப்பொத்தைக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? அணிக்கு ரொம்பக் காலம் கேப்டனாக இருந்து ஓய்ந்த கோயில்பிச்சை சாவடியில் ஊரைக் கூட்டினார். "துணியப் பிடிச்சா ஃபவுல், அது நமக்குத் தெரியும். சட்டையப் பிடிச்சா சட்ட கிழியும், ஆளு போயிருவான். கணுக்கால்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மொற" என்றார். அன்றிலிருந்து பலவேசத்தின் இடது கணுக்கால் ஊர்ப்பொது ஆனது. கோயில் வரி கொடுக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு முறைவைத்து வந்து பிடித்தார்கள். பெண்கள் ஒரு கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மொச்சை உரித்தார்கள். நாவிதர் முடிவெட்ட வந்தால் முழங்காலால் அவன் பாதத்தை அமுக்கிக்கொண்டு வெட்டினார். இரண்டு பங்காளிகள் வரப்புச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள், முறை மாற்றிக்கொள்ளும்போது 'பிடிச்சிட்டியா?' 'பிடிச்சிட்டேன்' என்று சொல்லியே ஆகவேண்டி வந்ததால் சமாதானமாகிப் போனார்கள். மினிபஸ் கண்டக்டர் அவனை ஜன்னலோரம் உட்கார விடமாட்டார். வெளியூரில் சம்பந்தம் பேசப் போனால் 'எங்க ஊருல பலவேசம்னு ஒரு ஆளு' என்று பெருமையாக ஆரம்பிப்பார்கள். காலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? மனசிலிருக்கிறதெல்லாம் வாயில் வந்துவிடும், மருமகள் கொடுமையும் மாமியார் கொடுமையும் ஒரே நாளில் அவன் காதில் விழும், எழுந்து போக முடியாதவன் என்பதால் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான்.

ஒருநாள் கீழக்காடு என்கிற அடுத்த ஊரிலிருந்து தளவாய் வந்தான். அவனும் ஒரு காலத்தில் பேர்போன ரைடர், பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். பலவேசம் பிடித்த ஒரு பிடியில் கணுக்கால் திருகி, அதோடு விந்தி விந்தி நடக்கிறவனாகி ஆட்டத்தை விட்டவன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றதும் பேச்சித்தாய் பதறி எழுந்தாள். அவன் யாரையும் பார்க்காமல் நேரே வந்து குத்தவைத்து உட்கார்ந்து, கால் பிடித்துக்கொண்டிருந்த கிழவரிடம் 'நீரு போயி சாப்பிடும்' என்று சொல்லிக் காலை வாங்கிக்கொண்டான்.

"இம்புட்டு வருசத்துல ஒரு நாளும் ஒங்க காலத் தொட்டதில்ல அண்ணே" என்றான். "நீங்கதான் எங்காலத் தொட்டீங்க."

"மன்னிச்சிருடே தளவாயி" என்றான் பலவேசம்.

"மன்னிப்பு எதுக்கு, ஆட்டம்லா? அன்னைக்கு விழுந்து கெடக்கும்போது ஒண்ணு நெனச்சேன் அண்ணே. நல்லாப் பிடிச்சான் தாயோளின்னு நெனச்சேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குகிற நேரத்தில் தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பொழுது அடையும்வரை பிடியை மாற்றவில்லை.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊசி போட்டுவந்த அன்றைக்குக் கொஞ்சம் கனம் திரும்பும். ஒருதடவை முற்றத்து ஈரத்தில் அவன் காலடித் தடம் பதிந்துவிட்டது, பேச்சித்தாய் அதை மிதிக்காமல் மிதிக்காமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், சாயங்காலம் மழை வந்தபோது அதன்மேல் அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்து வைத்தாள். நாலு நாளில் பழையபடி ஆகிவிடும். போகப் போக ஊசி பேச்சைக் கேட்கவில்லை. முன்பெல்லாம் தரையில் நில்லாமல் அசைந்தவன் இப்போது மேலே இழுத்தான், பிடிக்கிறவர்களுக்குத் தோள்பட்டை கடுத்தது. கடைசியாகப் போனபோது டாக்டர், வெளிநாட்டிலிருந்து புது மருந்து ஒன்று வருகிறது, ஆவணி பிறந்ததும் கிடைத்துவிடும், அதுவரைக்கும் ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஆடி கழிஞ்சாப் போதும் என்ன அண்ணே?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் பேச்சித்தாய். "ஆடிக் காத்த மட்டும் தாண்டிட்டா இவுக பொழச்சிருவாக, என்ன?"

"கழியும் பிள்ள. கழியாம எங்க போவுது?" என்றான் மாசானம்.

ஆனால் ஊர் என்பது என்ன, அதுவும் மனுசர்தானே? காற்றாலைக்கு வேலைக்குப் போகிறவன் போகவேண்டாமா, பீடி சுற்றுகிறவளுக்குக் கை வேண்டாமா? முதலில் முறை தவறினவர்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாக்குச் சொன்னார்கள், அப்புறம் சாக்குச் சொல்லி அனுப்பினார்கள், அப்புறம் அதுவும் இல்லை. ஒருத்தரும் கெட்டவர் இல்லை. எந்த அதிசயமானாலும் வாசலில் தினம் உட்கார்ந்திருந்தால் அது வீட்டு வேலை ஆகிவிடும். ஆனி முடிகிற நேரத்தில் மிச்சம் நின்றது பேச்சித்தாயும் மாசானமும்தான், வாரத்துக்கு ஒருதரம் விந்திக்கொண்டு வருகிற தளவாயும்தான். மாசானம் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டான். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் உளுந்தவடை மாதிரி ஆயிற்று. சாப்பிடும்போது தங்கச்சி ஊட்டிவிடுவாள்.

"பயமா இருக்கு மச்சான்" என்றான் பலவேசம் ஒருநாள் மத்தியானம். கணவாய்க் காற்று ஓட்டுக்குமேல் பிசாசு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "செத்தேன்னா மண்ணுல வைப்பீங்க. பொங்கலுக்கு வந்து பாப்பீங்க. இப்பிடிப் போயிட்டேன்னா என்ன எங்க வச்சுப் பாப்பீங்க?"

"எங்க போற நீ? ஒன்ன விட்டாத்தான?" என்றான் மாசானம். அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், பிடித்துக்கொண்டே இருப்பது, அதைத் தவிர இந்தப் பூமியில் அவனுக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை.

ஆடி மாசம்தான் குருவிப்பொத்தையில் அம்மன் கொடைத் திருவிழா. கொடைக்குக் கபடிப் போட்டி இல்லாமல் இருக்காது, சுற்றுவட்டாரத்து அணியெல்லாம் வரும், அந்த வருசம் இறுதி ஆட்டம் நம்மூருக்கும் கீழக்காட்டுக்கும் அமைந்தது. சாயங்கால ஆட்டம். அன்றைக்குக் காலையில் மைக்செட் சத்தம் வீட்டுக்குள் வந்து விழுந்தபோது பலவேசம் வாயைத் திறந்தான்.

"நான் பாக்கணும். லெஃப்ட் கார்னர் பக்கமா, கோட்ட ஒட்டி என்ன வச்சுக்கிடுங்க. இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"வேண்டாம்" என்றாள் பேச்சித்தாய். "காத்தப் பாத்தேளா? இன்னும் பத்து நாளு பல்லக் கடிச்சிட்டு இருங்க, ஆவணி வந்துரும்."

அவன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆட்டம் ஆடின ஒருத்தனை அப்படிப் பார்க்க இன்னொரு ஆட்டக்காரனால் முடியாது. மாசானம் போய்க் கோயில்பிச்சையிடம் சொல்ல, அவர் அந்த வருசம் களத்தில் இறங்காத பழைய பிடிகாரர்களில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு பேரும் கபடியில் பல் விழுந்து, தோள் நழுவி, அப்படியும் பிடித்த பிடியை விடாதவர்கள். மாசானம் இடது கணுக்கால், கோயில்பிச்சை வலது கணுக்கால், மற்ற இருவரும் முழங்காலுக்கு ஒருத்தர். ஊரில் அதைவிடப் பலமான எட்டுக் கை கிடையாது.

"நான் ஒரு காலப் பிடிச்சுக்கிடுதேன் அண்ணே" என்று வழியில் வந்து மறித்தாள் பேச்சித்தாய். "ஆட்டத்தப் பாத்தா ஒங்களுக்குத் தன்னறிவே இருக்காது."

கோயில்பிச்சைக்குச் சிரிப்பு வந்தது. "பிடிக்கத நீ எங்களுக்குச் சொல்லித் தாரியாக்கும்?" என்றார்.

மாசானமும் சிரித்தான். "ஏட்டி, எங்க நாலு பேரையும்விடப் பிடிக்கத் தெரிஞ்சவன் இந்தத் தாலுக்காவுலயே கெடையாது. நீ போயிப் பொம்பளையளோட உக்காரு. இன்னைக்கு ஒரு நாளாவது ஒங் கைக்கு ஓய்வு குடு" என்றான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு களத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை, இங்கே புருசன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை ஒட்டிப் பலவேசத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். தரைக்கு ஒரு முழம் மேலே நின்றான். பின்னால் இருந்தவர்கள் 'மறைக்கி, மறைக்கி' என்று சத்தம் போட்டதால் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்கள். மைக்கில் அவன் பேரைச் சொன்னதும் இரண்டு ஊர்க்காரர்களும் கை தட்டினார்கள், கீழக்காட்டுப் பையன்கள் வரிசையாக வந்து அவன் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. 'கால வாங்கு, கால வாங்குலே!' 'கவரு எங்க பாக்கான்?' என்று அங்கிருந்தபடியே எல்லாரையும் ஏசினான், மாசானத்துக்கு வயிறு குளிர்ந்தது.

ஆட்டம் கடைசிவரை சமமாக வந்தது. கடைசியாகப் பாடக் கீழக்காட்டு ரைடர் வந்தான், கொம்பு சீவின காளை மாதிரி ஒரு பையன். நம்மூர் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான், கவர் இடுப்பைப் பிடித்தான், மேலே மூன்று பேர் விழுந்தார்கள், அத்தனை பேரையும் சுமந்துகொண்டு அவன் நடுக்கோட்டைப் பார்த்து ஊர்கிறான், ஒரு சாண், அரைச் சாண், விரலை நீட்டுகிறான், ஜனம் முழுக்க எழுந்து நிற்கிறது, "விடாதலே, விடாத, விடாத!" என்று பலவேசம் தொண்டை கிழியக் கத்துகிறான், அந்தக் கணுக்காலையே தான் பிடித்திருப்பதுபோல் மாசானம் மாப்பிள்ளையின் கணுக்காலை இறுக்குகிறான், நாலு பேர் கையிலும் நரம்பு புடைத்து நிற்கிறது. பாடின பையனுக்கு மூச்சு விட்டது. நடுவர் விசில் ஊதினார்.

விசில் ஊதினால் பிடியை விடவேண்டும். அதுதான் கபடி. அதற்குமேல் ஒரு நொடி பிடித்திருந்தாலும் அசிங்கம், அடிதடி, ஊர்ச்சண்டை. அதனால் கபடிக் களத்தில் சின்ன வயசில் இறங்குகிற எவனுக்கும் பிடிப்பதற்கு முன்னால் விடுவதுதான் பழக்கமாகிறது, எலும்பு முறிகிற பிடியில் இருந்தாலும் விசில் கேட்டால் கை தானாகத் திறக்கும், தலையைக் கேட்காது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். களத்தில் ஐந்து பேர் கை திறந்தது. கோட்டுக்கு வெளியே நாலு பேர் கையும் திறந்தது.

திறந்த பிறகுதான் மாசானத்துக்குக் கை திறந்தது தெரிந்தது.

"மச்சான், பிடி!" என்றான் பலவேசம்.

மாசானம் எம்பினான். வாழ்க்கையில் அப்படி எம்பினதில்லை. நடுவிரலில் குதிகால் பட்டது, சூடாக இருந்தது, அதற்குள் கணவாய்க் காற்று பலவேசத்தின் சட்டைக்குள் புகுந்து உப்பி அவனைத் தூக்கிக்கொண்டது. "பிடி மச்சான், பிடி, பிடி" என்ற சத்தம் பந்தலுக்கு மேலே கேட்டது, பிறகு வேப்பமரத்துக்கு மேலே கேட்டது. ஜெயித்தது யார் என்று ஒருத்தருக்கும் நினைவில்லை, இரண்டு அணியும், கீழக்காடும் குருவிப்பொத்தையும், மேளக்காரர்களும், சாமியாடிகளும், எல்லாரும் கையை மேலே தூக்கிக்கொண்டு அவனுக்குக் கீழே உடைமுள் காட்டுக்குள் ஓடினார்கள், எங்கேயாவது தாழ்ந்து வந்தால் பிடித்துவிடலாம் என்று ஓடினார்கள், எல்லாருக்கும் முன்னால் தளவாய் விந்தி விந்தி ஓடினான். காற்றாலைக் காவல்காரர் அத்தனை இயந்திரத்தையும் நிறுத்தினார், இறக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன, அவற்றுக்கு நடுவில் பலவேசம் பத்திரமாகப் போனான். காக்கை அளவு ஆனான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்கள் 'இருக்கான், அந்தா இருக்கான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நடுவர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. களத்து நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "நான் ஊதாம எப்படி இருக்க? மூச்சு விட்டுட்டான் சார், நான் ஊதாம எப்படி இருக்க?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். 'ஒம்மேல தப்பில்லப்பா' என்று சொல்லி அவருக்கு யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கோயில்பிச்சை கை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மாசானம் நின்ற இடத்திலேயே இருந்தான். பேச்சித்தாய் ஓடவில்லை, அழவும் இல்லை, களத்தைக் குறுக்கே கடந்து அண்ணனுக்கு எதிரில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"பிடிச்சிட்டுத்தான இருந்திய?" என்று கேட்டாள்.

"பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

"பொறவு?"

"விசில் ஊதிட்டான் பிள்ள."

அவளுக்கு அது புரிந்தது. கபடிக்காரனுக்குத் தங்கச்சியாகப் பிறந்து கபடிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குப் புரியாமல் எப்படி இருக்கும்? ஏச வேண்டும் என்று வந்தவளுக்கு ஏசக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுமனே கிடந்த தன் உள்ளங்கை இரண்டையும் மடியில் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்கிட்டத் தந்திருக்கலாம்லா அண்ணே" என்றாள். "நான் ஒரு நாளும் கபடி ஆடினதில்லயே."